வாதநெறி காத்த அகளங்க தேவர்

கி.பி. 8ஆம் நூற்றாண்டினரான ஆசாரியர் அகளங்க தேவர், காஞ்சியில் இமசீதள மன்னன் அவையில் பௌத்தரை வாதில் வென்றார் என்பது நம் மரபுவழிச் செய்தி. அவரைக் காக்கத் தம்பி நிகளங்கர் உயிர் ஈந்தார் என்றும் முன்னோர் கூறுவர்.

அவ்வெற்றியினும் பெரிது அவர் வகுத்த வாதநெறி. சொற்புரட்டாலும் போலி மறுப்பாலும் எதிரியை மடக்குவதை நியாய நூலார் சிலவிடத்து ஏற்றனர்; அகளங்கர் அதை அறவே விலக்கினார். பிறர் பிழையைச் சுட்டுவது மட்டும் வெற்றியாகாது; தன் கொள்கையைச் சான்றுடன் நிறுவுவதே வெற்றி என்றார். உடன்பிறந்தானைப் பகைக்குப் பலிகொடுத்தவராகப் போற்றப்படும் அவரே வாதில் வஞ்சம் கூடாதென விதித்ததை எண்ணி நாம் வியக்கிறோம்.

கரந்தையில் அவரை வணங்கும் நாம், நம் சங்கங்களில் கருத்து மாறுபடும்போதும் அந்நெறி நிற்போமாக!