கழற்ற முடியாத டயர் செய்த கால்நடை மருத்துவர்

பாலாற்றங்கரைப் பக்கம் ஒருமுறை வண்டியில் போய்வந்தால் போதும், சீமைக் கருவேல முள் தன் வேலையைக் காட்டிவிடும். மறுநாள் காலை பார்க்கிங்கில் இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் தரையோடு உட்கார்ந்திருக்கும். பஞ்சர் கடை திறக்கும்வரை காத்திருக்கலாம். நீங்களே டியூப் மாற்றவும் செய்யலாம். மாற்ற நினைப்பவர்கள் ஜான் பாய்டு டன்லப்பின் கதையைத் தெரிந்துகொண்டால் கை வலி பாதி குறையும். ஏனென்றால் அவர் செய்த முதல் டயரைக் கழற்றுவது பெரும்பாடு.

டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்குப் போய், பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் பெயர்பெற்ற மருத்துவர் ஆனார். நமக்குப் பட்டு எப்படியோ, பெல்ஃபாஸ்டுக்கு லினன் அப்படி. அதுவும் தறிகளால் பிழைத்த ஊர்தான்.

1887 கடைசியில் அவருடைய சிறு மகன் ஜானி, கல் பாவிய தெருக்களில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்குகிறது என்று முறையிட்டான். அப்போதைய டயர் கெட்டியான ரப்பர் வளையம். டன்லப் ஒரு மரத் தட்டைச் சுற்றி ரப்பர்க் குழாயை வைத்து, அதன்மேல் லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்து, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றேற்றினார். முற்றத்தில் அதையும் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் உருட்டிவிட்டார். பழையது பாதி வழியில் விழுந்தது. புதியது முற்றத்தைக் கடந்துபோய் எதிரே மோதித் திரும்பியது.

குழாய்க்கு வெளியே துணி, துணிக்கு மேல் ரப்பர். இன்று உங்கள் டயரிலும் ஏறக்குறைய அதே அடுக்குதான். பிள்ளையார்பாளையத்துக்காரர்கள் ரசிக்கும் ஒரு விஷயம்: நெய்த துணியில் ஊடும் பாவும் ஒன்றையொன்று உராய்ந்து சீக்கிரம் அறுந்தன. அதனால் பின்னாளில் ஊடை ஏறக்குறைய நீக்கிவிட்டு, இழைகளை ஒரே திசையில் பரப்பி அடுக்கடுக்காக வைத்தார்கள்.

1888 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18 அன்று வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் பெல்ஃபாஸ்டில் இந்த டயரோடு பந்தயங்களில் வென்றதும், டப்ளின் வணிகர் ஹார்வி டூ குரோ முன்வர, கம்பெனி உருவானது. மறு ஆண்டே இடி விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. அவருக்குத் தாம்சனைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

கம்பெனியைக் காப்பாற்றியது வேறொன்று. டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு முள் குத்தினாலும் எல்லாவற்றையும் உரித்தெடுத்து, ஒட்டுப்போட்டு, மறுபடி ஒட்டிக் காயவைக்க வேண்டும். 1890-ல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் டயரின் இரு விளிம்புகளிலும் நீளாத கம்பி வளையத்தை வைத்து, ரிம்மின் நடுவில் ஒரு பள்ளமும் கொடுத்தார். அந்தக் காப்புரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. என் கணக்கில், வீட்டில் டயர் மாற்றும் எவரும் முதலில் நன்றி சொல்ல வேண்டியது இவருக்குத்தான்.

அந்தப் பள்ளம் உங்கள் பைக் ரிம்மிலும் இருக்கிறது. பலர் இதைக் கவனிக்காமல் லீவரோடு மல்லுக்கட்டி டியூபைக் கிழிக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றும்போது வாஷர்களின் வரிசையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுதும் இறக்கி, வால்வு நட்டையும் கழற்றுங்கள். இரு பக்க விளிம்பையும் சுற்றிலும் மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வுக்கு அருகில் லீவரைப் போடும்போது, நேர் எதிர்ப் பக்கத்தில் முழங்காலை வைத்து விளிம்பைப் பள்ளத்துக்குள் அழுத்துங்கள். கம்பி நீளாது, பள்ளத்தில் இறங்கிய அளவுக்குத்தான் இந்தப் பக்கம் இளக்கம் கிடைக்கும்.

டியூபை உருவியதும், டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறுங்கையை விட்டுத் தேடாதீர்கள். புது டியூபுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்து, உருண்டு நிற்கும் அளவில் உள்ளே வையுங்கள். விளிம்பை வால்வுக்கு எதிரிலிருந்து ஏற்றி வந்து வால்வருகில் முடியுங்கள். கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்தால் டியூப் இடுக்கில் மாட்டாது. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையைச் சரிபாருங்கள். சக்கரத்தை மாட்டியபின் செயின் இறுக்கத்தையும் பிரேக்கையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

பழைய வெஸ்பா, சேதக் வைத்திருப்பவர்களுக்கு லீவரே வேண்டாம். அவற்றின் ரிம் இரண்டாகப் பிரியும். ஆனால் காற்றை முழுதும் இறக்காமல் ரிம் நட்டில் ஸ்பேனர் வைத்தால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும்.

டன்லப்பின் பெயர் உலகம் சுற்றியது. அவருக்கு வந்த பணம் அதற்கு ஈடானதல்ல. 1890-களின் நடுவில் அவர் கம்பெனியை விட்டு விலகினார். 1896-ல் அது 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. டப்ளினில் குடியேறியிருந்த அவர் ஒரு துணி வியாபார நிறுவனத்தில் ஈடுபட்டார். 1921 அக்டோபர் 23 அன்று அங்கேயே இறந்தார். அவர் பெயரில் அம்பத்தூரில் டயர் ஆலை வந்தது 1959-ல்.