உருகாத பொருளைச் செய்தவர் - லியோ பேக்லேண்ட்

என் பழைய காரின் வெளிப்புறக் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சென்ற கோடையில் இரண்டாம் முறையாகப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தேன். முதல் முறை தோற்றுப் போயிருந்தேன். வெயிலில் சாம்பல் பூத்துக் கிடந்த பம்பர் மீதும் சக்கர வளைவுப் பட்டைகள் மீதும் ஸ்ப்ரே டப்பாவை அப்படியே அடித்துவிட்டேன். ஒரு மாதம் பளபளத்தது. பிறகு பாம்புச் சட்டையாக உரிந்தது. இம்முறை ஒரு பட்டையைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தபோது சின்ன எழுத்தில் 'பிபி' என்று பொறித்திருந்தது. பாலிபுரொப்பிலீன்! எந்தப் பூச்சும் எளிதில் பற்றாத, மெழுகு போன்ற மேனி அதற்கு.

ஹீட் கன்னால் சூடு காட்டினால் பழைய கறுப்பு திரும்பும் என்றார் நண்பர். திரும்பியது. ஆசையில் கொஞ்சம் அதிகமாகக் காட்டிவிட்டேன், ஓர் ஓரம் இளகி வளைந்துவிட்டது. அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சூட்டுக்கு இளகாத பிளாஸ்டிக்கைச் செய்த மனிதரின் ஞாபகம் வந்தது.

லியோ ஹென்ட்ரிக் பேக்லேண்ட் 1863 நவம்பர் 14 அன்று பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைப்பவர். தாயார் வீட்டு வேலை செய்தவர். படிப்பில் சூரனான பிள்ளை 21 வயதிலேயே கென்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டது. தம் பேராசிரியர் ஸ்வார்ட்ஸின் மகள் செலினை 1889-இல் மணந்து, அதே ஆண்டு உதவித்தொகை ஒன்றில் அமெரிக்கா வந்தவர் திரும்பிப் போகவில்லை. செலின் ஓவியம் தீட்டுபவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தொடக்க வருடங்கள் நன்றாக இல்லை. ஒரே நேரத்தில் பல கண்டுபிடிப்புகளைத் துரத்தி, கையில் காசில்லாமல் நோயில் படுத்தார். படுக்கையில்தான் இனி ஒன்றையே பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அந்த ஒன்று, விளக்கு வெளிச்சத்திலேயே படம் அச்சிடக்கூடிய 'வெலாக்ஸ்' புகைப்படத் தாள். 1899-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அதை விலைக்கு வாங்கினார். ஏழரை லட்சம் டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. 36 வயதுக்குள் செல்வந்தர். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் ஹட்சன் நதியோரம் வீடும், அங்கேயே ஓர் ஆய்வுக்கூடமும் அமைந்தன.

வேண்டியது கிடைத்தபின் ஓய்ந்து உட்காரும் ரகம் அல்லர் அவர். மின்சாரத் தொழில் வளர வளர, கம்பிகளுக்கும் சுருள்களுக்கும் காப்புப் பூச்சாக அரக்கு வேண்டியிருந்தது. இலந்தை, புரசு போன்ற மரங்களில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது; பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பாண்டவர்களை எரித்துவிடத் துரியோதனன் மாளிகை கட்டுவித்தானே, அதே அரக்குதான். பூச்சியின் வேகத்துக்குத் தொழிற்சாலை காத்திருக்க முடியாது. செயற்கை அரக்கு செய்தால் பிழைத்தோம் என்று பேக்லேண்ட் கணக்குப் போட்டார்.

கார்பாலிக் அமிலம் என்கிற ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கலந்தால் பிசுபிசுத்த பிசின் ஒன்று உருவாகும் என்பது ஜெர்மானியரான பேயர் 1872-லேயே கண்டதுதான். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு எதிலும் கரையாத அந்தக் கட்டியை வேண்டாத தொல்லை என்று வேதியியலார் ஒதுக்கினார்கள். தொல்லையே சரக்கு என்று கண்டதில்தான் பேக்லேண்டின் சாமர்த்தியம் இருக்கிறது என்பேன். உதவியாளர் தர்லோவுடன் முதலில் செய்த 'நோவோலாக்' விலை போகவில்லை. பிறகு சூட்டோடு அழுத்தத்தையும் கூட்டிப் பார்த்தார். சாதாரணப் பானையில் காய்ச்சினால் கொப்புளித்து நுரைக்கும் கலவை, அழுத்தப் பாத்திரத்துக்குள் அடங்கி இறுகியது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. என் காரின் பட்டையில் மூலக்கூறுச் சங்கிலிகள் தனித்தனியாகக் கிடக்கின்றன, சூடு பட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். பேக்லைட்டில் அவை வலைபோல் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொண்டவை. செல்லுலாய்டு பஞ்சிலிருந்து வந்தது. இதுவோ முழுக்க முழுக்கச் செயற்கை.

1907 ஜூலை 13 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் என்பவர் ஒரே ஒரு நாள் பிந்திப் போனார். அந்த ஒரு நாளைப் பற்றி யோசிக்க எனக்கே வலிக்கிறது.

காருக்கும் இவருக்கும் இன்னோர் உறவு உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 1906-இல், மனைவி மக்களோடு ஐரோப்பாவைக் காரில் சுற்றினார். அதைப்பற்றி ஒரு நூலும் 1907-இல் வெளியிட்டார். பின்னாளில் அவர் சரக்கு கார்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது: டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கியர்க் குமிழ், இன்னும் பல. ரேடியோப் பெட்டியும் தொலைபேசியும் தனிக் கதை. முடிவிலிக் குறியையே கம்பெனி முத்திரையாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பொருளும் வெயிலில் பளபளப்பு இழந்து மங்கும். உருகாது என்பது வேறு, மங்காது என்பது வேறு.

கடைசிக் காலம் மனத்தைப் பிசைவது. மகன் ஜார்ஜுக்குக் கம்பெனியை நடத்துவதில் நாட்டமில்லை. 1939-இல் யூனியன் கார்பைடுக்கு விற்றார்கள். வாழ்நாள் எல்லாம் ஒன்றைப் பின்னி இறுக்கியவருக்கு, அதைக் கையேற்று வாங்க வீட்டில் ஆளில்லை. ஃப்ளோரிடாவின் கோகனட் க்ரோவில் தனிமையை நாடினார்; தகர டப்பா உணவை நேராக டப்பாவிலிருந்தே சாப்பிடுவார். புழுக்கம் தாங்காவிட்டால் உடுத்திய உடையோடு நீச்சல் குளத்தில் இறங்கி, ஈரத்தோடே உலவுவார் என்றும் சொல்வதுண்டு. 1944 பிப்ரவரி 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் பீக்கனில் ஒரு மருத்துவ விடுதியில் காலமானார். அவருடைய முதல் அழுத்தப் பாத்திரமும் நாட்குறிப்புகளும் ஸ்மித்சோனியன் வசம் உள்ளன.

என் வேலைக்கு வருகிறேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஆல்கஹால் தோய்த்த துணியால் பழைய மெழுகை எடுத்தேன். 400-ஆம் எண் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, பாலிபுரொப்பிலீனுக்கென்றே விற்கும் ஒட்டுத்திரவம் ஒரு பூச்சு, அது காயுமுன் மினுக்கமில்லாத கறுப்பு, மெல்லிசாக மூன்று பூச்சு. ஒரு குளிர்காலம் கடந்தும் உரியவில்லை. வளைந்த ஓரத்தை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. மறுபடி ஹீட் கன்னைக் கையில் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.