ஐந்து ரூபாயில் மூன்று ரூபாய்

காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போன ஒரு பையனை உங்களுக்குத் தெரியுமா? கண்டிப்பாத் தெரியும். அவர் படம் உங்க வீட்டுக் காலண்டரிலோ, டீக்கடைச் சுவரிலோ இருந்திருக்கும். கோவணம், நரைத்த தாடி, நம்மையே பார்க்கிற கண்கள். ஆமாம், ரமண மகரிஷிதான்.

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. அங்கிருந்து அருப்புக்கோட்டை போய் பஸ் மாறினால் திருச்சுழி. வழி முழுக்கக் கருவேலங்காடு, காய்ந்த கம்மாய். 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற பெயரோடு அவர் பிறந்தது அந்தத் திருச்சுழியில்தான். திருவண்ணாமலை சாமியாரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது நம்ம பக்கத்து வீட்டுக் கதை. ஒரு அம்மாவின் கதை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அப்பா சுந்தரம் ஐயர் மாசம் இரண்டு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதப் போனவர். பிறகு மனு எழுதிக் கொடுத்து, படிப்படியாக ஊர் வக்கீல் ஆனார். ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா அழகம்மாள். பிள்ளைகள் நாலு பேர்: நாகசுவாமி, வேங்கடராமன், நாகசுந்தரம், தங்கச்சி அலமேலு. அந்தக் குடும்பத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. எப்போதோ வாசலுக்கு வந்த ஒரு சந்நியாசிக்குச் சோறு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தலைமுறைக்கு ஒருத்தர் துறவியாகப் போவார் என்று அவர் சபித்துவிட்டாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சுந்தரம் ஐயரின் சித்தப்பாவும் அப்படித்தான் போனார், அண்ணனும் அப்படித்தான் போனார்.

சின்ன வேங்கடராமன் ஒன்றும் சாது இல்லை. ஆறு வயசில் அப்பாவின் பழைய கேஸ் கட்டுகளைக் கிழித்துக் காகிதக் கப்பல் செய்து விட்டான். அப்பா போட்ட சத்தத்தில் ஆளையே காணோம். வீடே தேடியது. கடைசியில் பூமிநாதர் கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை அர்ச்சகர் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். வீட்டைவிட்டு அவன் போனது அதுதான் முதல் தடவை!

அவர் வயசான பிறகும் மறக்காத இன்னொன்று, கோயில் முன்னாலிருக்கும் குளம். மாசித் திருவிழா சமயத்தில் பத்து நாளும் தண்ணீர் படிப்படியாக ஏறுமாம், பிறகு இறங்குமாம். பையன்கள் படிக்கட்டில் அடையாளம் போட்டு, இன்னைக்கு எவ்வளவு ஏறியிருக்கு என்று பார்ப்பார்களாம். அந்தத் தண்ணீரில் வெள்ளி நகை கறுத்துப்போகும் என்றும் ஆசிரமத்தில் சொல்லியிருக்கிறார். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஒரு ஃபீல்டு விசிட் பாக்கி இருக்கு.

1892-இல் அப்பா இறந்தார். வேங்கடராமனுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஒரே நாளில் வீடு இரண்டாகப் பிரிந்தது. பெரிய பையன்கள் இரண்டு பேரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு. சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு அம்மா மானாமதுரையில் இன்னொரு சித்தப்பா நெல்லையப்ப ஐயர் வீட்டுக்கு. திருச்சுழி வீடு பின்னால் கடனுக்காகக் கைமாறியே போனது.

மதுரையில் பையன் ஃபுட்பால், மல்யுத்தம் என்று சுற்றினான். அவன் இருக்கும் அணி ஜெயிக்கும் என்பதால் தங்கக்கை என்று பட்டப்பெயர். 1896-இல், பதினாறு வயசில், திடீரென்று ஒரு மரண பயம் வந்தது. செத்தவன் மாதிரிப் படுத்துப் பார்த்தான். உடம்பு போனாலும் நான் என்பது போகாது என்று பட்டதாம். அதற்கப்புறம் படிப்பில் மனசு ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தவன் நோட்டை ஓரம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதுக்கு என்று கடிந்துகொண்டார். தம்பிக்கு அது நியாயமாகவே பட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு என்று சொல்லிக் கிளம்பினான். என்ன சப்ஜெக்ட் தெரியுமா? மின்சாரம்! ட்ரிபிள்-ஈ காரங்க சிரிக்கலாம். அப்படியே என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு என்று அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். என் தகப்பனைத் தேடிப் போகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடிச் செலவழிக்கவும் வேண்டாம் என்பது சீட்டின் சாரம். உன் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் எழுதியிருந்தான். கீழே கையெழுத்து இல்லை.

ரயிலில் விழுப்புரம் வரை போனான். பிறகு கொஞ்சம் ரயில், நிறைய நடை, பசி. கீழூரில் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை.

இங்கே கொஞ்சம் அம்மா பக்கம் வாங்க. புருஷன் போயாச்சு, வீடு போகப்போகிறது, இப்போது பிள்ளையும் இல்லை. எங்கே இருக்கிறான் என்று தெரியவே சுமார் இரண்டு வருஷம் ஆனது. 1898 டிசம்பரில் பெரிய மகனைக் கூட்டிக்கொண்டு பவழக்குன்றுக்கு வந்தார். சடைமுடியும் அழுக்குமாக உட்கார்ந்திருந்தவனை அடையாளம் கண்டுகொண்டு, பல நாள் கெஞ்சினார், அழுதார். மகன் வாயே திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் மன்றாடிய பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: நடக்க வேண்டியது நடந்தே தீரும், சும்மா இருப்பதே நல்லது என்ற பொருளில். அம்மா வெறுங்கையோடு திரும்பினார். 1900-இல் நாகசுவாமியும் இறந்துபோனார்.

ஞானம் பெரிய விஷயம்தான், ஒத்துக்கிறேன். ஆனாலும் திரும்பிப் போன அந்த ரயிலில் அம்மா என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1916-இல் அழகம்மாள் மலைக்கே வந்து மகனோடு தங்கிவிட்டார். அதுவரை அங்கே அடுப்பு கிடையாது, பிச்சையில் வந்ததுதான் சாப்பாடு. அம்மா சமைக்க ஆரம்பித்தார். கடைசி மகன் நாகசுந்தரமும் துறவியாகி வந்து சேர்ந்தார். 1922 மே 19 அன்று அம்மாவின் கடைசி நேரத்தில் மகன் பக்கத்திலேயே இருந்தார். ஒரு கை அம்மாவின் நெஞ்சில், ஒரு கை தலையில். மலையடிவாரத்தில் அம்மாவை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமமே வளர்ந்தது. வீட்டை விட்டு வந்தவர், அம்மாவின் சமாதிப் பக்கத்திலேயே 1950 ஏப்ரல் 14 வரை இருந்தார். கைமாறிப்போன திருச்சுழி வீட்டையும் பின்னால் ஆசிரமமே வாங்கியது. இப்போது அதன் பெயர் சுந்தர மந்திரம்.

லீவில் ஊருக்குப் போனால் ஒருநாள் திருச்சுழி பஸ் ஏறுங்கள். குளத்துப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம் அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். ஃபீஸ் கட்டியாச்சா என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க.