சிறைக்குள் ஆறு மாத இரவைத் தேடிய திலகர்

புக்கிட் காத்தில் வட்டாரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் வெறும் கால் மணி நேரம்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் இல்லையா? ஆனால் வடதுருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. பூமி சுமார் 23.4 டிகிரி சாய்ந்து சுற்றுவதே காரணம்.

துருவப் பக்கமே போகாத ஓர் இந்தியர் இந்த நீண்ட இரவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர்தான் பால கங்காதர திலகர்.

1856-ல் ரத்னகிரியில் பிறந்தவர். கணிதத்தில் கெட்டிக்காரர், பூனாவில் அதைக் கற்பித்தார். 'கேசரி' பத்திரிகை அவரை அரசியல்வாதி ஆக்கியது. 1897-ல் ராஜதுரோக வழக்கில் 18 மாத சிறைத் தண்டனை. அப்போது மேக்ஸ் முல்லர் தாம் பதிப்பித்த ரிக் வேதத்தை அவருக்கு அனுப்பிவைத்தார். இரவில் சில மணி நேரம் விளக்கு வைத்துப் படிக்க அனுமதியும் கிடைத்தது. அந்த வெளிச்சத்தில் அவர் தேடியது இருட்டை!

வேதத்தில் வைகறை ஏன் பல நாள் நீள்வதுபோல் பாடப்படுகிறது? தேவர்களுக்கு ஒரு நாள் என்றால் நமக்கு ஏன் ஒரு வருஷம்? இது நமக்கும் தெரிந்த கணக்குதான். மார்கழியைத் தேவர்களின் விடியற்காலை என்று கோயிலில் கேட்டிருப்பீர்கள். (உண்மையில் மார்கழியில் வடதுருவம் கும்மிருட்டு. அங்கே சூரியன் உதிப்பது பங்குனியில், மறைவது புரட்டாசியில்.)

வேத மக்களின் முன்னோர் பனியுகத்துக்கு முன் ஆர்க்டிக்கில் வாழ்ந்தார்கள், இவை அவர்களின் நினைவுகள் என்று திலகர் முடிவுக்கு வந்தார். 1903-ல் புத்தகம் வெளியானது.

அது சரியா? இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ரிக் வேதம் பெயர் சொல்லும் ஆறுகள் பஞ்சாப் பக்கத்தவை. துருவத்தில் குடியிருந்ததற்குத் தொல்லியல் சான்றும் இல்லை. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, நேரில் போகாமலேயே ஆறு மாதப் பகல் விளங்கிவிடும். 5-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஆரியபட்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். கணித ஆசிரியரான திலகர் இந்த எளிய வழியை விட்டு, முன்னோர்களின் நினைவு என்று போனதுதான் ஆச்சரியம்.

1907 சூரத் காங்கிரசில் அவர் பக்கம் நின்றவர்கள் வ.உ.சி.யும் பாரதியும். அடுத்த ஆண்டு ஜூலையில் வ.உ.சி.க்கும் திலகருக்கும் ஒரே மாதத்தில் தண்டனை விதிக்கப்பட்டது. திலகருக்கு ஆறு ஆண்டு, பர்மாவின் மாண்டலே சிறை. அங்கே பென்சிலால் 'கீதா ரகசியம்' எழுதினார். 1912-ல் மனைவி இறந்த செய்தியும் அந்தச் சிறைக்குள்தான் வந்தது.

1914-ல் விடுதலையான திலகர், 1920 ஆகஸ்ட் 1 அன்று பம்பாயில் காலமானார்.