ஈவ்லின் பிராண்டு அம்மையாரின் காலம்

நாம் பிறந்து வளர்ந்த ஜலகண்டாபுரம் நெசவாளர் ஊர். அங்கே சிறு பிள்ளைக்கும் காலத்தின் அருமையைக் கற்பிப்பது தறியே. காலையில் தறிக்குழியில் இறங்கினவன் மாலையில் எழும்போது, அன்றைய பொழுது எவ்வாறு கழிந்ததென்று அவனை ஒருவரும் வினவ வேண்டுவதில்லை. சுருட்டிய துணியை அளந்தால் விடை கிடைத்துவிடும். கல்லூரியில் வந்து சேர்ந்தபின் தறிக்குப் பதிலாக மணியோசையும் கால அட்டவணையும் நமக்கு அமைந்தன. கிறிஸ்தவன் தன் காலத்தை உண்மையாய்ச் செலவிட வேண்டும் என்று சிற்றாலயத்தில் கேட்டபோதெல்லாம், வீணாகும் நிமிஷங்களைச் சேமிப்பதே அதன் கருத்தென்று நெடுநாள் எண்ணியிருந்தோம். (இக்கட்டுரையையே பத்திராதிபர் குறித்த நாளுக்குப் பின் கொடுக்கும் நாம் அச்சேமிப்பைப் பற்றி அதிகம் பேசாதிருத்தல் நலம்.) அவ்வெண்ணம் போதாதென்று நமக்கு உணர்த்தியது ஈவ்லின் பிராண்டு அம்மையாரின் சரித்திரம். அவர் காலம் கழிந்த இடம் தூரதேசமன்று. பழைய சேலம் ஜில்லாவின் தென்கிழக்கே, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய கொல்லிமலையேயாகும்.

அம்மையார் 1879-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் இலண்டன் மாநகரில், ஹாரிஸ் என்னும் செல்வமிக்க வணிகக் குடும்பத்திற் பிறந்தார். உண்ணவும் உடுக்கவும் குறைவில்லாத வாழ்க்கை. ஓவியக் கலை பயின்றவர். வண்ணந் தீட்டுவதில் மிகுந்த பிரியமுடையவர். அவர் மிஷன் ஊழியத்தின்பொருட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அக்காலத்து மதிப்பின்படி ஒரு பெண்மணி புதியதொரு வாழ்வைத் தொடங்குவதற்கு அதுவே சற்றுத் தாமதம் எனலாம். இதை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். ஏனெனில் அம்மையாரின் சரித்திரம் முழுவதிலும், காலம் கடந்துவிட்டது என்று பிறர் சொல்லிய இடத்திலேயே அவருடைய வேலை தொடங்கக் காண்கிறோம்.

கொல்லிமலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் இளைஞர் ஊழியஞ் செய்துவந்தார். அவர் கட்டட வேலையிற் பழகினவர். வெப்பநாட்டு நோய்களுக்குரிய வைத்தியமும் ஓராண்டு கற்றவர். மலைமேல் வாழும் ஜனங்களிடம் செல்ல வேண்டுமென்பதே அவருடைய ஓயாத ஏக்கம். 1913-ஆம் ஆண்டில் அவருக்கும் ஈவ்லின் அம்மையாருக்கும் விவாகம் நடந்தது. தம்பதிகள் இருவரும் மலையேறினர்.

கொல்லிமலை, கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட நாடு. இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய சாலையில் வாகனத்தில் ஏறி, அறப்பளீசுவரரையும் ஆகாயகங்கை அருவியையும் கண்டு அன்று மாலையே இறங்கிவிடுகிறோம். அந்நாளில் சாலை கிடையாது; ஒற்றையடிப் பாதையில் நான்காயிரம் அடி உயரம் நடந்தோ டோலியிலோ ஏற வேண்டும். மலைக்குடிகளாகிய மலையாளிகள் (இவர்கள் கேரள தேசத்தவரல்லர், தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்பது இவர்கள் வழங்கும் வரலாறு) சிதறிய சிற்றூர்களில் தினையும் சாமையும் விளைத்து வாழ்ந்தனர். மலேரியாச் சுரத்துக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே இராத் தங்கவும் துணியார்.

வாழவந்தியில் பிராண்டு தம்பதிகள் வீடமைத்தனர். பள்ளி வைத்தார்கள், தச்சு வேலை கற்பித்தார்கள், பல் பிடுங்கினார்கள், புண்களைக் கழுவினார்கள். அவர்கள் கண்ட நோய்களில் மிக அருவருப்பானது நரம்புச் சிலந்தி. படியிறங்கி நீர் முகக்கும் கிணற்றில் நோயாளி கால் வைத்தால், காற்புண்ணிலுள்ள புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவை நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய பூச்சிகளின் வயிற்றிற் புகும். அந்நீரைக் குடித்தவனுக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழு தோலைத் துளைத்துக்கொண்டு வெளிப்படும். அதை வெடுக்கென்று இழுத்தல் ஆகாது. அறுந்தால் உள்ளே அழுகிச் சீழ்பிடிக்கும். ஒரு குச்சியிற் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக, பல நாள் பொறுமையோடு வெளியே எடுக்க வேண்டும். பிராண்டு தம்பதிகள் எத்தனையோ பேருக்கு இதைச் செய்தனர். கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள், நீரைத் துணியால் வடிகட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியும் வந்தனர்.

இவ்வளவு செய்தும் பல ஆண்டுகள்வரை ஒருவரும் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் தம் ஜனங்களைத் தடுத்துவந்தார். அவர் தமக்குரியதைக் காத்தார் என்று நாம் சொல்லலாமேயன்றி, அவரைப் பழிக்க இடமில்லை. முதல் உலகப்போரின் முடிவில் இன்புளூயன்சா பரவி மலையிலும் நுழைந்தது. பூசாரியும் அவர் மனைவியும் நோயிற் படுத்தபோது அயலார் அஞ்சி விலகினர். கஞ்சி ஊற்றிப் பணிவிடை செய்தவர்கள் பிராண்டு தம்பதிகளே. சாகுந் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர். அதன் பின்னரே மலையில் சபை உண்டாயிற்று. நெசவாளன் முழக்கோலால் அளந்திருந்தால், அதுவரை கழிந்த ஆண்டுகள் யாவும் வெறுந்தறி என்றே கணக்கெழுதியிருப்பான்.

இனி நாம் சொல்லவேண்டியது எழுதுவதற்கு எளிதன்று. தம்பதிகளுக்கு 1914-ஆம் ஆண்டு பால் என்னும் மகனும், பின்னர் ஒரு மகளும் பிறந்தனர். 1923-ஆம் ஆண்டு விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது, கல்வியின்பொருட்டு இரு பிள்ளைகளையும் உறவினரிடம் விட்டுத் தாய் தந்தையர் மலைக்குத் திரும்பினர். வாரந்தோறும் கடிதம் போகும். மரம் செடி எறும்பு முதலியவற்றைப் பற்றித் தந்தை மகனுக்கு விவரித்து எழுதுவார். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள், மலேரியாவின் கொடிய விளைவாகச் சிறுநீர் கறுத்துப்போகும் ஒருவகைச் சுரத்தினால், ஜெஸ்ஸி பிராண்டு தம் நாற்பத்துநான்காம் வயதில் மரித்தார். தந்தி உடனே எட்டியது. கப்பலில் வந்த கடிதமோ அதன் பின்னர்ச் சேர்ந்தது. தந்தை மரித்தார் என்று அறிந்த பதினான்கு வயதுச் சிறுவன், பிறகு அவர் கைப்பட எழுதிய கடிதத்தைப் பிரித்து வாசித்தான். ஆறாண்டுகளாகத் தந்தையின் முகத்தைக் காணாதவன், இனிக் காணப்போவதுமில்லை.

ஆண்டவருக்குக் கொடுத்த காலம் பிள்ளைகளிடத்திலிருந்து எடுத்த காலமன்றோ என்று கேட்பவர்களுக்கு நாம் எளிதாக விடை கூறத் துணியோம். அந்நாளைய மிஷனரிக் குடும்பங்கள் பலவற்றில் இது வழக்கமாயிருந்தது என்பது உண்மை. வழக்கம் என்பதனால் அதன் பாரம் குறைந்துவிடாது. அதை அம்மையார் அறியாதவராயிருந்திருப்பார் என்று நாம் நம்பவில்லை.

கணவரை வாழவந்தியில் அடக்கஞ் செய்தபின் அவர் ஊழியத்தைக் கைவிடவில்லை. சில காலம் தாய்நாட்டிலிருந்து திரும்பினார். மிஷனார் அவருக்குச் சமவெளியில் வேலை கொடுத்தனர், கொடுத்ததைச் செய்தார். மனம் மலையிலேயே இருந்தது. கொல்லி, பச்சை, கல்வராயன் முதலிய மலைகளிலெல்லாம் சுவிசேஷம் செல்ல வேண்டுமென்று கணவரும் தாமுமாகக் கொண்ட எண்ணம் நிறைவேறாமல் நின்றது. 1947-ஆம் ஆண்டளவில் அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்புவதே முறையென மிஷனார் தீர்மானித்தனர். அம்மையார் ஓராண்டு மட்டும் தவணை கேட்டுப் பெற்றார். அவ்வாண்டிற்குள் மலைமேல் ஒரு சிறு குடிசைக்கு வேண்டிய பொருள்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். தவணை தீர்ந்தபோது, தாம் மிஷனிலிருந்து ஓய்வு பெறுவதாகவும் மலையை விட்டு இறங்குவதில்லையென்றும் அறிவித்தார். இதில் சிறிது தந்திரம் உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. நமக்கோ அதை வாசிக்கும்போதெல்லாம் சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே வருகின்றன.

மிஷன் கணக்கில் அவர் வேலை முடிந்துவிட்டது. அதன் பின்னர் அவர் ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் உயிரோடிருந்தார். சிறு மட்டக்குதிரையில் ஏறி மலைக்கு மலை சென்றார்; கூடாரத்தில் தங்கினார்; மருந்து கொடுத்தார்; நரம்புச் சிலந்தி கொல்லிமலையில் ஏறக்குறைய ஒழிந்ததற்கு அவர் உழைப்பும் பெருங் காரணம். (இந்தியா முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டிலேதான்.) குதிரையினின்று விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். மகன் பால் பிராண்டு அப்பொழுது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்றிருந்தார். மலையைவிட்டு இறங்கி வருமாறு அவர் பலமுறை வற்புறுத்தியும் தாய் இசையவில்லை. கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் வைத்திருக்கவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்னரே குதிரையேற்றத்தை விட்டார்; அப்பொழுதும் ஓய்வெடுக்கவில்லை, ஊர் ஊராக ஜனங்கள் அவரைச் சுமந்து சென்றனர். ஆங்கிலேயர் அவரைக் கிரானி பிராண்டு, அதாவது பிராண்டு பாட்டி, என்றனர்.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் அம்மையார் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுசென்று, ஜெஸ்ஸி பிராண்டின் கல்லறைக்கு அருகில் அடக்கஞ் செய்தனர். அவர் கணவர் மரித்து அப்பொழுது நாற்பத்தைந்து ஆண்டுகளும் ஆறு மாதங்களும் ஆகியிருந்தன.