எதிரணிக் கவிஞரின் பாடலை அச்சேற்றிய வழக்குரைஞர்

வி. கிருஷ்ணசாமி ஐயர் 1863ஆம் ஆண்டு, தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் முன்சீப் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கும்பகோணத்திலும் சென்னையிலும் பயின்று, 1885இல் உயர்நீதிமன்ற வக்கீலானார். உரிமையியல் வழக்குகளே அவரது களம். அங்கே வாதியும் பிரதிவாதியும் யாவர் என்பதைக் காட்டிலும் ஆவணம் என்ன சொல்கிறது என்பதே பெரிது. அந்தப் பயிற்சி அவருடைய இயல்பாகவே ஆயிற்று.

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. சேமிப்பை இழந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்காக ஐயர் நீதிமன்றத்தில் வாதாடினார். வழக்கோடு நில்லாமல், மக்கள் நம்பிப் பணம் இடத்தக்க சுதேசி வங்கி ஒன்று வேண்டுமென முன்னின்று உழைத்தார். 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அதே ஆண்டில்தான் பாரதியார் அவர் இல்லம் சென்றார். ஐயரோ மிதவாதி, பாரதியாரோ தம் இதழில் மிதவாதிகளைக் கடுமையாகச் சாடி வந்தவர். அழைத்துச் சென்றவர் ஜி. ஏ. நடேசன். பாடல்களைக் கேட்ட ஐயர், கட்சியை ஒதுக்கிக் கவிதையை மட்டுமே எடைபோட்டார். தம் செலவில் பதினைந்தாயிரம் படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியாரின் முதற் கவிதை நூல் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

1909இல் நீதிபதியாகவும், 1911இல் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் உயர்ந்த ஐயர், அவ்வாண்டு டிசம்பரிலேயே, 48ஆம் வயதில் மறைந்தார். மாற்றணியில் நிற்பவரின் கவிதையையும் அதன் தகுதி கண்டு போற்றும் நடுவுநிலை, கவியரங்கேறும் நமக்கெல்லாம் அவர் விட்டுச் சென்ற செல்வமாகும்.