படிப்பே பிடிக்காத பையன் ஆற்றை அளந்த கதை!



சாரல் காலத்தில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? செங்கோட்டைப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் போதும். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கும் தண்ணீர்தான். செங்கோட்டைக்கு மேற்கே இருக்கும் குண்டாறு அணை 36 அடி உயரம் கொண்ட சிறிய அணை. நல்ல மழை பெய்தால் மற்ற அணைகளை முந்திக்கொண்டு நிரம்பிவிடும்.

சரி, ஒரு கேள்வி. ஓடையில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஓர் இலையைப் போட்டு, அது பத்து மீட்டர் போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணலாம் என்கிறீர்களா? சபாஷ்! ஆனால், இலை மேலே மிதக்கிறது. மேலே ஓடும் தண்ணீரின் வேகம்தான் அதற்குத் தெரியும். நடு ஆழத்தில் என்ன வேகம்? அடியில் என்ன வேகம்? ஓடையை விடுங்கள், மூடிய குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் இலையை எப்படிப் போடுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயால் பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஹென்றி பிட்டோ. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சிறு வயதில் அவருக்குப் படிப்பு என்றாலே வேப்பங்காய்!

படைவீரன் வாங்கிய புத்தகம்

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, ரோன் நதிக்கரையில் அராமோன் என்று ஒரு சிற்றூர். அங்கேதான் 1695-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி பிட்டோ பிறந்தார். எத்தனை முயன்றும் பையனைப் பாடத்தில் உட்கார வைக்க முடியவில்லை. இவன் படித்து முன்னுக்கு வருவான் என்ற நம்பிக்கை வீட்டில் யாருக்கும் இல்லை. கடைசியில் அவர் படையில் போய்ச் சேர்ந்தார்.

படையில் இருந்தபோது கிரெனோபிள் என்ற ஊரில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தார். அங்கே ஒரு வடிவியல் புத்தகம் கண்ணில் பட்டது. முக்கோணம், வட்டம், கோடு என்று படங்கள். சும்மா புரட்டியவர், அதை விட மனமில்லாமல் வாங்கிக்கொண்டார். அந்தப் புத்தகம் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது!

படையை விட்டு ஊர் திரும்பினார். யாரும் அதட்டவில்லை, யாரும் தேர்வு வைக்கவில்லை. தானாகவே உட்கார்ந்து கணிதமும் வானியலும் படித்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

1718-ல் தலைநகர் பாரிசுக்குப் போனார். அங்கே ரியோமர் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி இருந்தார். வெப்பமானியில் ரியோமர் அளவு என்று ஒன்று உண்டே, அதை வகுத்தவர் இவர்தான். இளைஞரின் ஆர்வத்தைப் பார்த்த அவர், தம் நூலகத்தைத் திறந்துவிட்டார். பிறகு ஆய்வுக்கூடத்திலும் வேலை கொடுத்தார். 1724-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் பிட்டோவுக்கு இடம் கிடைத்தது. படிப்புப் பிடிக்காத பையன், அந்த நாட்டின் பெரிய அறிஞர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டார்!

அடுத்த ஆண்டே ஓர் அழகான கணித உண்மையை வெளியிட்டார். இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டத்தை நான்கு பக்கமும் தொடும்படி ஒரு நாற்கரம் வரையுங்கள். எதிரெதிர் பக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு கூட்டலும் ஒன்றாகவே வரும். இதற்குப் பிட்டோ தேற்றம் என்று பெயர்.

குடத்தில் ஓட்டை போட்டால்...

இப்போது ஆற்றுக்கு வருவோம்.

ஒரு பழைய பிளாஸ்டிக் குடத்தில் மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பினால் என்ன ஆகும்? கீழ் ஓட்டையிலிருந்து தண்ணீர் அதிக வேகத்தோடு பீய்ச்சும். மேலே இருக்கும் தண்ணீரின் எடை அழுத்துவதுதான் காரணம்.

இதைப் பார்த்த அந்தக் கால அறிஞர்கள் பலர், ஆறும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆழம் கூடக்கூட வேகமும் கூடும் என்று புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். இத்தாலி நாட்டின் பெரிய நீர் வல்லுநர்களே சொன்னதால், மறுத்துப் பேச ஆள் இல்லை.

இதில் என்ன வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கை வைத்துத்தான் கால்வாய் வெட்ட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், ஊருக்குக் குடிநீர் கொண்டுவர வேண்டும். வேகக் கணக்குத் தப்பானால் எல்லாமே தப்பாகிவிடும்.

பிட்டோ வாதம் செய்யவில்லை. அளந்து பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார்.

அவர் செய்த கருவி ரொம்ப எளிமையானது. ஒரு மரச்சட்டம். அதில் அருகருகே இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்று நேரானது. மற்றொன்றின் அடிமுனை மட்டும் வளைந்திருக்கும். அந்த வளைந்த வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சட்டத்தை ஆற்றில் இறக்கினார். நேர்க்குழாயில் தண்ணீர் ஆற்று மட்டத்தோடு நின்றது. வளைந்த குழாயிலோ, ஓடிவந்த தண்ணீர் வாய்க்குள் முட்டி, மட்டத்தைத் தாண்டி மேலே ஏறியது! எவ்வளவு வேகமோ அவ்வளவு ஏற்றம்.

கணக்கு இதுதான். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர், குழாயில் சுமார் 5 சென்டிமீட்டர் ஏறும். 2 மீட்டர் வேகம் என்றால் 10 சென்டிமீட்டர்தானே என்று அவசரப்படாதீர்கள். 20 சென்டிமீட்டர் ஏறும்! 3 மீட்டர் வேகத்துக்கு சுமார் 46 சென்டிமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் ஏற்றம் நான்கு மடங்காகிவிடும்.

பாரிஸ் நகரின் நடுவே ஓடும் சீன் நதியில் இந்தக் கருவியை இறக்கி, மேலே, நடுவே, அடியில் என்று அளந்தார் பிட்டோ. விடை என்ன? ஆழத்துக்குப் போகப் போக வேகம் குறைந்தது! பெரியவர்கள் எழுதி வைத்தது தலைகீழாக இருந்தது. ஆற்றின் அடியில் மணலும் கல்லும் தண்ணீரைப் பிடித்து இழுக்கின்றன. அதனால்தான் அடித்தண்ணீர் மெதுவாகப் போகிறது.

1732 நவம்பரில் அறிவியல் கழகத்தில் இந்தக் கருவியைப் பற்றி விளக்கினார். கப்பலின் வேகத்தையும் இதை வைத்து அளக்கலாம் என்றார். தண்ணீர் ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்குச் சரியான விளக்கத்துக்கு வழிகாட்டிய டேனியல் பெர்னூலியின் நூல், ஆறு ஆண்டுகள் கழித்து 1738-ல்தான் வெளிவந்தது.

ஊருக்குத் தண்ணீர் தந்தவர்

1740-ல் பிட்டோ பாரிசை விட்டுத் தம் சொந்தப் பகுதியான தெற்குப் பிரான்சுக்குத் திரும்பினார். சதுப்பு நிலங்களில் தேங்கிய நீரை வடியவைப்பது, பாலங்கள் கட்டுவது, 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிடி கால்வாயைக் கண்காணிப்பது என்று ஓயாத வேலை.

அவர் பிறந்த ஊருக்குக் கொஞ்ச தூரத்தில், ரோமானியர் கட்டிய பான் டு கார் என்ற மூன்று அடுக்குத் தொட்டிப்பாலம் இருக்கிறது. உயரம் சுமார் 49 மீட்டர்! வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள். அதன் பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஒரு சாலைப் பாலத்தை 1743 முதல் 1747 வரை கட்டினார் பிட்டோ.

அந்தப் பழைய பாலத்தைப் போலவே தாமும் ஒன்றைக் கட்டினார். மான்ட்பெலியே நகரத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. சுமார் 14 கிலோமீட்டர் தூரத்தில் ஓர் ஊற்று. அங்கிருந்து மோட்டார் எதுவும் இல்லாமல், மெல்லிய சரிவை மட்டும் நம்பித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். 1753-ல் தொடங்கிய வேலை பத்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. நகரத்தை நெருங்கும் இடத்தில், இரண்டு அடுக்கு வளைவுகள் மேல் தண்ணீர் ஓடிவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சட்டெனப் புரியும். அந்த வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

1771 டிசம்பர் 27-ல், தாம் பிறந்த அதே அராமோனில் பிட்டோ காலமானார். அப்போது அவருக்கு வயது 76.

ஆற்றிலிருந்து ஆகாயத்துக்கு

பிட்டோவின் குழாயில் ஒரு குறை இருந்தது. உள்ளே ஏறிய தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும். அளவு பார்ப்பது கஷ்டம். 1850-களில் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் குழாயின் வாயைச் சிறிதாக்கினார். ஏறிய தண்ணீரை அப்படியே அடைத்து நிறுத்தித் திருகு வைத்தார். வெளியே எடுத்து நிதானமாக அளக்க முடிந்தது.

மூடிய குழாய்களுக்குள்ளும் இதே தத்துவம்தான். ஓட்டத்தைப் பார்த்து ஒரு துளை, பக்கச் சுவரில் ஒரு துளை. இரண்டின் அழுத்த வித்தியாசம் வேகத்தைச் சொல்லிவிடும். வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் தண்ணீரின் அளவு வரும். குறுக்குப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், நொடிக்கு 10 லிட்டர்! குழாய்க்குள்ளும் ஓரத்தில் வேகம் குறைவு, நடுவில் அதிகம். அதனால் பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள்.

விமானம் பார்த்திருக்கிறீர்களா? அதன் மூக்குக்குப் பக்கத்தில் விரல் போல ஒரு சிறு குழாய் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிட்டோ குழாய்! காற்று அதில் மோதும் அழுத்தத்தை வைத்துத்தான் விமானிக்கு வேகம் தெரிகிறது. 2009 ஜூன் 1-ந் தேதி, அட்லாண்டிக் கடல் மேல் பறந்த ஒரு பிரெஞ்சு விமானத்தின் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துவிட்டன. வேகத்தைக் காட்டும் கருவிகள் தவறான அளவைக் காட்டின. விமானிகள் குழம்பினர். 228 பேர் உயிரிழந்தனர். விரல் அளவுக் குழாய்தான், ஆனால் எத்தனை உயிர்களின் பொறுப்பு அதனிடம் இருக்கிறது பார்த்தீர்களா? அதனால்தான் விமானம் தரையில் நிற்கும்போது பூச்சி, தூசி புகாமல் அதற்கு உறை போட்டு வைக்கிறார்கள். கிளம்பும் முன் மறக்காமல் கழற்றுகிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்!

அருவியிலும், வெள்ளம் வரும் ஆற்றிலும் வேண்டவே வேண்டாம். அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் வயல் வாய்க்காலுக்குப் போங்கள். கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ஒரு குச்சியில் கட்டுங்கள். அடிமுனையை மட்டும் வளைத்து, வரும் தண்ணீரைப் பார்க்கத் திருப்புங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது? பக்கத்திலேயே ஓர் இலையையும் விட்டு வேகத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு விடையும் ஏறக்குறைய ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பிறகு குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். சுமார் 290 ஆண்டுகளுக்கு முன் சீன் நதியில் பிட்டோ கண்டது, உங்கள் வாய்க்காலிலும் தெரியலாம்.

குழந்தைகளே! பாடத்தில் மனம் போகவில்லை என்று உங்களில் யாராவது சோர்ந்து இருக்கிறீர்களா? கவலை வேண்டாம். உங்களுக்குப் பிடித்த அந்த ஒரு புத்தகம் எங்கோ ஓர் அலமாரியில் காத்திருக்கும். நூலகத்துக்குப் போய்த் தேடுங்கள். யார் சொன்னாலும், எந்தப் பெரிய புத்தகத்தில் இருந்தாலும், முடிந்தால் ஒரு முறை நீங்களே அளந்து பாருங்கள். பிட்டோ செய்தது அதைத்தான்!